இத்தாலிக் கலகக்காரருக்கு நான் கல் செய்த காலம்

படத்தில் யார் எதை எறிந்தாலும், எதை உடைத்தாலும், எதைக் கொளுத்தினாலும், அதை அன்று காலையில் பையில் போட்டு பஸ்ஸில் சுமந்து வந்தவன் ஒருவன் இருப்பான். அந்தத் தொழிலுக்கு இங்கே புறொப்ஸ் என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட நான் அந்தச் சுமை சுமந்தேன். அதற்கு முன் காலேஜ் தெருவில் ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஒருநாள் கழுவுதொட்டியின் கீழ்க் குழாய் ஒழுகத் தொடங்கியது. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்ல என் இங்கிலிஷ் போதவில்லை. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் கீறினவன் நான். ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் குழாயை அதன் வளைவுகளோடு கீறி, ஒழுகும் இடத்துக்கு அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். முதலாளி அதைப் பார்த்துச் சிரித்தார். கடையின் முன்பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மார்கோ என்பவன் சிரிக்கவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் வந்து, இதைக் கீறியது யார் என்று கேட்டான்.

மார்கோ இங்கே பிறந்த இத்தாலியன். பதினாறு வயதில், இத்தாலியிலிருந்து ஒரு மச்சானின் சூட்கேசுக்குள் ஒளித்து வந்த சித்திரக்கதைப் புத்தகங்களை வாசித்துத் தகப்பனிடம் அடி வாங்கியவன். அச்சடித்தவர் பெயர் இல்லாத, கையிலிருந்து கைக்குக் களவாகப் போன புத்தகங்கள் அவை. அவற்றில், வீட்டை விட்டு ஓடிய ஏழு இளசுகள் மூடிக்கிடக்கும் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் பூட்டை உடைத்துக் குடியேறுகிறார்கள். காதலிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பொலிசுக்குக் கல்லெறிகிறார்கள். வாங்கிய அடியை மறக்காமல் முப்பது வயதில் மார்கோ அந்தக் கதையைப் படமாக எடுக்கப் புறப்பட்டிருந்தான். அதில் வரும் பொருள்களை எல்லாம் நான் செய்து கொடுக்க வேண்டும்.

எனக்கு இருந்த சிக்கலை, கடதாசிக்குக் காத்திருந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என்னை அகதி என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இங்கே நிரந்தரமாக இருக்க விடும் லாண்டட் கடதாசி வரவில்லை. அது வந்தால்தான் என் மனைவி பத்மா கொழும்பு லொட்ஜிலிருந்து கனடாவுக்கு வரலாம். விண்ணப்பத்தில் கலவரம், வன்முறை எதிலாவது பங்குபற்றினாயா என்ற மாதிரி ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். எழுதி அனுப்பிய அடுத்த மாதம் மார்கோவிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

மெத்தையில் விளைந்த கல்

மார்கோவிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. புத்தகத்தில் ஒரு கட்டத்துக்குள் என்ன கீறியிருக்கிறதோ அது அப்படியே திரையில் இருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் புத்தகத்தின் முதல் கட்டத்தில் ஒரு கை, கைக்குள் ஒரு கல். நான் பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றங்கரையில் நல்ல கல்லாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். மார்கோ ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். 'இதை எறிந்தால் ஆள் செத்துப்போவானே' என்றான். கல்லென்றால் அப்படித்தானே என்று நான் நினைத்தேன். இந்தத் தொழிலில் கல்லென்றால் ஸ்பொன்ஞ் என்று அன்றுதான் தெரிந்தது.

யாரோ தெருவில் போட்டிருந்த கட்டில் மெத்தையின் ஸ்பொன்ஞ்சை பாண் வெட்டும் கத்தியால் துண்டு துண்டாக அரிந்து, மூலைகளைக் கிள்ளி, சாம்பல் நிறப் பெயின்ற் அடித்தேன். அப்போது நான் வோபர்னில் உருத்திரன் அண்ணையோடு ஓர் அப்பாட்மென்டில் இருந்தேன். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே மார்க்கம் நகரத்தில் சாமான்களைப் பக்கற்றில் அடைக்கும் ஒரு பக்டரியில் வேலை. வேலை முடிந்து வந்தவர் பல்கனியில் நாற்பது கல் வரிசையாகக் காய்வதைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, ஊரில கல்லெறிஞ்சவங்களே இஞ்ச வந்து கோப்பை கழுவுறாங்கள். நீ என்னடாவெண்டால் கோப்பை கழுவுறதை விட்டிட்டுக் கல்லுச் செய்யிறாய்."

போத்தல்

இரண்டாவது புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க போத்தல். கொளுத்தி எறிவதற்கு வாயில் துணி திணித்த போத்தல். படத்துக்கு உண்மையான கண்ணாடி ஆகாது, யாராவது வெட்டுப்பட்டுவிடுவார்கள். ஆகையால் சீனிப்பாகு காய்ச்சி அச்சில் வார்த்துச் செய்ய வேண்டும். உடைந்தால் கண்ணாடி மாதிரியே உடையும். நாலு நாள் அடுப்படியில் நின்று ஆறு போத்தல் வார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வாயில் துணி மட்டும். புத்தகத்தில் துணி இருந்தது, ஆகவே இருந்தது.

அவற்றைப் பேப்பரில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே கற்களைப் போட்டுக்கொண்டு சப்வே வாசலில் இறங்கினேன். பஸ் குலுங்கியதில் பேப்பர் விலகி, ஒரு போத்தலின் துணி பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. எதிரே நின்ற பொலிஸ்காரனுக்குத் தெரிந்தது. பையைத் திற என்றான். திறந்தேன். மேலே கல், கீழே போத்தல். இதைவிட ஒழுங்காக ஒருவன் கலவரத்துக்குப் பை கட்ட முடியாது. படம், சினிமா, சீனி என்று மூன்று சொல் வந்தது. அவன் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. பத்மாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. நான் ஒரு போத்தலை எடுத்துக் கழுத்தை முறித்து, வாய்க்குள் போட்டுக் கடித்து விழுங்கிக் காட்டினேன். சாயம் கசந்தது.

அவன் மிச்சத்தை முகர்ந்து பார்த்தான். ஒரு கல்லைப் பிசைந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து என் பெயரைக் கேட்டான். எங்கள் பெயர் அவ்வளவு சீக்கிரத்தில் எழுதி முடிகிற பெயரா? ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் என் லாண்டட் கடதாசியிலிருந்து உதிர்வது போலிருந்தது. கொப்பியை மூடிவிட்டு அவன் சொன்னான்: "இருபது வருடமாக இந்த உத்தியோகத்தில் இருக்கிறேன். என் முன்னால் நின்று சாட்சியத்தைத் தின்ற முதல் ஆள் நீதான்."

துண்டுப்பிரசுரம்

ஒரு கட்டத்தில் அந்த இளசுகள் துண்டுப்பிரசுரம் வீசுவார்கள். கீறியவர் அதில் எழுத்தெதுவும் எழுதாமல் நெளிநெளியாகக் கோடு இழுத்துவிட்டிருந்தார். திரையில் அது எழுத்துத் தெரிகிற அளவுக்குக் கிட்ட வரும். நெளிகோட்டை வைத்து ஏய்க்க முடியாது. மார்கோ இத்தாலியில் அவரைத் தேடிப் பிடித்து, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டு ஃபக்ஸ் அனுப்பினான். ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. எனக்கு நினைவில்லை, அன்று பசியில் அவசரமாகக் கீறினேன், உங்களுக்குப் பொருத்தமாக எதையாவது எழுதுங்கள் என்றிருந்தது. மார்கோ ஃபக்ஸை என் மேசையில் வைத்து, 'நாளைக்குள் நானூறு' என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் எதை எழுதுவேன்? எங்கள் ஊரில் துண்டுப்பிரசுரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அது யாருடைய பையில் இருந்தது என்றுதான் கேட்பார்கள். அந்த நானூறும் என் பையில்தான் பஸ் ஏறப்போகிறது. ஒரு பொலிஸ்காரனிடம் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அன்று நான் முன்பு கோப்பை கழுவிய கடைக்குப் போய், அலுமாரியில் இருந்த பாஸ்டா பக்கற்றின் பின்பக்கத்தை அப்படியே பார்த்துக் கையால் எழுதினேன். சுத்த இத்தாலியன். யாரும் குற்றம் பிடிக்க முடியாத எழுத்து. போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

சென்ட் கிளேயர் தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் படம் பிடித்தோம். நானூறும் அழகாகப் பறந்தன. தன் வாசலில் குப்பை விழுகிறது என்று ஏச வந்த இத்தாலியன் அம்மா ஒருவர் ஒன்றைப் பொறுக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உரத்து வாசித்தார். கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போடவும். இடையிடையே கிளறிப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடவும். மார்கோவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்று முழுவதும் அவன் என்னோடு பேசவில்லை. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்குக் காரணம் முதல் நாள் அந்த அம்மா கேட்ட கேள்வி. ஏச வந்ததை மறந்துபோய், துண்டை அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டி அவர் கேட்டார்: "பன்னிரண்டு நிமிடமா? உங்கள் புரட்சியில் சமைக்கத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லையா?"

சனிக்கிழமை ரெலிபோன்

சனிக்கிழமை காலையில் பத்மாவோடு பேசுவேன். அங்கே பின்னேரம். லொட்ஜ் மனேச்சரின் மேசையில் இருக்கும் ரெலிபோனுக்கு அவளைக் கூப்பிட்டு, அவள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரம் கை சும்மா இருக்காது. கோட் பொக்கற்றில் எப்போதும் ஒரு ஸ்பொன்ஞ்சுக் கல் கிடந்தது. அதைப் பிசைந்துகொண்டு நிற்பேன். பயம் வந்தால் பிசைவது பிறகு பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் பிசைந்தேன், சாப்பாட்டு வரிசையில் பிசைந்தேன்.

படத்தில் வேலை என்று நான் முதலில் சொன்னபோது அவள் லொட்ஜ் முழுக்கச் சொல்லிவிட்டாள். கதாநாயகி ஆர் என்று எல்லோரும் கேட்டார்களாம். என்ன கதை என்று அவள் கேட்டாள். மறைக்க மனமில்லாமல் சொன்னேன். கல்லையும் போத்தலையும் சொன்னேன். பொலிஸ்காரனின் கொப்பியை மட்டும் சொல்லவில்லை. அவளுடைய அறைக்கு அந்த மாதம் இரண்டு தரம் பொலிஸ் பதிவு பார்க்க ஆட்கள் வந்துபோயிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் கோபிக்கவில்லை. களைத்த குரலில் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பொலிசுக்குக் கல்லெறியாத படம் ஒண்டும் கனடாவில எடுக்கிறேல்லையோ?"

சவேரியோவுக்கு எழும்பி நிற்பது

படத்தில் பொலிசாக வந்தவர்கள் எல்லாம் ரொறன்ரோ இத்தாலியர்கள். அவர்களில் சவேரியோ என்று ஒருவர், தொழில் பல்செட் கட்டுவது. நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்கு உடுப்பு மாற்றாமல், இடுப்பில் பொல்லும் தலையில் தொப்பியுமாக வந்து என் மேசையில் குந்துவார். அந்தப் பொல்லைச் செய்ததே நான். உள்ளே காட்போட். எல்லாம் தெரிந்தும் அவர் வரும்போது என் கால் தானாக எழும்பிவிடும். கை அடையாள அட்டை வைத்திருக்கும் பொக்கற்றுக்குப் போய்விடும். இப்படி ஒரு கிழமை நடந்தது.

ஒருநாள் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ இப்படி எழும்பி நின்றால், நான் உன்னிடம் ஏதோ கேட்க வேண்டும் போல எனக்கே வருகிறது. கடவுளே என்று உட்கார்."

ஏழாவது ஆள்

வேலை தொடங்கி ஒரு வருடம் ஆனபோது இன்ரவியூவுக்குக் கடிதம் வந்தது. வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மார்கோவிடம் கேட்டேன். 'தானியேலா அடித்துத் தருவாள்' என்றான். தானியேலாவுக்கு எங்களிடம் வேறொரு வேலை. ஒரு காட்சியில் யார் எந்த உடுப்போடு எந்தக் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று பொலறோயிட் படம் பிடித்து, கீழே பெயர் எழுதி வைப்பாள்.

அந்தக் கிழமைதான் பெரிய கல்லெறிக் காட்சி. புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் ஏழு பேர். வந்தது ஆறு. ஏழாவது பெடியனுக்குக் காய்ச்சல். ஆறு பேரோடு எடுத்தால் என்ன என்று தானியேலா கேட்டாள். மார்கோ புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு தலையாக எண்ணிக் காட்டினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. நான் என் கடதாசியைப் பற்றிச் சொன்னேன், பத்மாவைப் பற்றிச் சொன்னேன். முகத்தில் லேஞ்சித் துணி கட்டியிருக்கும், உன் தாய்க்கே உன்னைத் தெரியாது என்றான். என் வேலைக் கடிதத்தில் அவன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அவன் அதைச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

தானியேலா வந்து, கல்லை உயர்த்து என்றாள். லேஞ்சி இன்னும் கழுத்தில்தான் கிடந்தது. பின்னால் சவேரியோவும் ஆட்களும் தொப்பி சரிசெய்துகொண்டு நின்றார்கள். பொலறோயிட் பளிச்சிட்டது. முதல் எறியில் என் கல் என் காலடியில் விழுந்தது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மார்கோ தலையைப் பிடித்துக்கொண்டு, 'நீ கல்லை எறியவில்லை, திருப்பிக் கொடுக்கிறாய்' என்று கத்தினான். ஒன்பது தரம் எடுத்தோம். பத்தாவது தரம் எனக்குள் என்னவோ நடந்தது. மூன்று மாடி இறங்கி வருகிற பத்மாவும், யாருடைய மேசையிலோ கிடக்கிற என் ஃபைலும், அந்தச் சின்னக் கொப்பியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உண்மையான ஆத்திரத்தோடு எறிந்தேன். கல் போய் சவேரியோவின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. நான் ஓடிப்போய்த் தொப்பியை எடுத்துத் துடைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். கமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மார்கோ அதை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மன்னிப்பை வெட்டிவிடலாம். கல் இருக்கட்டும்."

மூடிய உறை

இன்ரவியூவுக்கு முதல் நாள் தானியேலா ஒரு வெள்ளை உறையைத் தந்து, கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள். ஒட்டியிருந்தது. ஒட்டிய கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்று தபால் கந்தோர் உருத்திரன் அண்ணை சொன்னார். அவர் சொல்லை மீற முடியுமா? அப்படியே கொண்டுபோனேன். அண்ணையும் துணைக்கு வந்து வெளியில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண்மணி. அமைதியானவர். எனக்கு இங்கிலிஷ் அப்போது ஓரளவு வந்திருந்தது. என்ன வேலை என்று கேட்டார், உறையை நீட்டினேன். கத்தியால் நேராக வெட்டினார். கடிதத்தை வாசித்தார். வாசித்துவிட்டு உறையைக் கவிழ்த்து ஒருதரம் தட்டினார். ஒரு பொலறோயிட் படம் மேசையில் விழுந்தது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பிள்ளை அன்பாக உள்ளே வைத்திருக்கிறாள். கழுத்தில் லேஞ்சியோடு நான். உயர்த்திய கையில் கல். பின்னால் வரிசையாகப் பொலிஸ். கீழே மை பேனாவால் என் முழுப் பெயர், ஓர் எழுத்துப் பிழையில்லாமல். இந்த நாட்டில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய முதல் மனிதர் தானியேலாதான்.

அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சினிமா என்றேன். கல் இல்லை, ஸ்பொன்ஞ் என்றேன். நம்ப வைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் கையைக் கோட் பொக்கற்றுக்குள் விட்டு, கல்லை எடுத்து ஓங்கிவிட்டேன். அவர் கதிரையோடு பின்னால் போனார். நான் அதை மேசையில் போட்டேன். சத்தமில்லாமல் விழுந்து ஒருதரம் துள்ளியது. சிறிது நேரம் கழித்து அவர் ஒரு விரலால் அதை அமத்திப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். கடிதமும் சரி, கல்லும் சரி. ஆனால் உண்மையை ஒளித்தால் பிடிபடுவோம் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் இருக்கிறதே. அவர் கேட்காமலே, ஒரு பொலிஸ்காரன் என் பெயரை எழுதிக்கொண்டதை நான் சொன்னேன். போத்தலைச் சொன்னேன். தின்றதையும் சொன்னேன்.

அவர் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இங்கே அப்படி எதுவும் இல்லை" என்றார். என் நெஞ்சு ஒருதரம் குளிர்ந்தது. பிறகு அவர் பேனாவைத் திறந்தார். "ஆனால் இப்போது நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் விசாரிக்க வேண்டும்."

வெளியில் வந்து வாங்கில் விழுந்தேன். உருத்திரன் அண்ணை முழுவதையும் கேட்டார். உறையைப் பிரிக்க வேண்டாம் என்று தான் சொன்னதை அவர் நினைத்திருக்கக்கூடும், என்னை எழுப்பிப் பஸ் தரிப்புக்குக் கூட்டிப்போனார். பஸ் வரும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவ கேட்டது வேலைக் கடிதம். நீ குடுத்தது வாக்குமூலம்."

விசாரித்த காலம்

விசாரித்து முடிய நான்கு மாதம் சென்றது. அந்த நான்கு மாதமும் என் வாயால் வந்தது. சனிக்கிழமைகளில் பத்மா 'ஏதும் வந்ததோ' என்று கேட்பாள், 'இல்லை' என்பேன். ஏன் தாமதம் என்று மூன்று சனிக்கிழமை மறைத்தேன். நான்காவதில் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இதற்கிடையில் லொட்ஜை மூடப்போகிறார்கள் என்று கதை வந்து, அவள் வேறோர் இடம் மாறவேண்டி வந்தது. மார்கோவின் படப்பிடிப்பு முடிந்து நான் பழையபடி கோப்பைக்கே திரும்பியிருந்தேன். பொக்கற்றில் கிடந்த கல் பிசைந்து பிசைந்து பெயின்ற் உதிர்ந்து, மஞ்சள் ஸ்பொன்ஞ்சாகவே ஆகிவிட்டது.

கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்க என்னால் முடியவில்லை. தபால் அனுபவம் உள்ளவர் என்று உருத்திரன் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தபடி ரெலிபோனை எடுத்து என் கையில் வைத்தார். பத்மா புது இடத்தில் ஓடிவந்து எடுத்தாள். சரிவந்திட்டுது என்றேன். அவள் கேட்டாள்: "நல்லாப் பாத்தனீங்களோ? பேந்தும் போய் ஏதும் சொல்லிப்போடாதேங்கோ."

கசற்

மார்கோவின் படம் ஒரு சின்னத் தியேட்டரில் ஒரு கிழமை ஓடியது. அதில் இரண்டு நாள் பனி. பத்மா வந்து சேர்ந்தபோது அது போய்விட்டது. மார்கோ ஒரு வீடியோ கசற் தந்திருந்தான். அவள் வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உருத்திரன் அண்ணையும் இருக்கப் போட்டுப் பார்த்தோம். நான் அதில் நடித்ததை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடைசிப் பொய் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று விட்டிருந்தேன்.

பாஸ்டா நோட்டீஸ் பறந்தது. போத்தல் உடைந்தது. ஏழு பேரும் முகத்தில் லேஞ்சி கட்டிக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் தூரத்தில். கல்லெறிந்தார்கள், தொப்பி பறந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை வெளியில் காட்டவில்லை. பத்மா ரிமோட்டை வாங்கிப் பின்னுக்கு ஓடவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் பார்த்தாள். பிறகு திரையில் ஓரத்து ஆளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உது நீங்கள்தான்," என்றாள். "மற்ற ஆறு பேரும் முன்னுக்குப் பாத்து எறியினம். உந்த ஆள் மட்டும் எறிய முதல் பின்னால ஆரும் நிக்கினமோ எண்டு திரும்பிப் பாக்கிறார்."

ஒன்றரை வருடத்தில் நான் செய்த கற்களில் ஒன்றுகூட ஒருவரையும் நோகச் செய்யவில்லை, அவற்றைக் கண்டு கடைசிவரை பயந்ததும் நான் ஒருவன்தான்.